இரண்டாவது வாசலுக்கு இந்தப் பக்கம்

பார்த்தீர்களா தம்பி, வாயை மூடிக்கொண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். நீங்கள் நீட்டியபோது மட்டும் "பத்து ரூபா காயின் செல்லாது, நோட்டு இருந்தா குடுங்க" என்றான். நான் நாலு வார்த்தை பேசியதும் செல்லுகிறது. இந்த ரூட்டில் ஓடுகிற கண்டக்டர் அத்தனை பேருக்கும் என்னைத் தெரியும். தெரிந்துகொண்டே செய்கிறான், அதுதான் எரிச்சல். போன மாசியில் இதே ஆள் என்னிடமே இந்த வேலையைக் காட்டினான். முகத்தை மறக்கவில்லை நான். யார் முகத்தையும் மறப்பதில்லை.

மிண்டில் இருந்தேன் தம்பி. கவர்மெண்ட் மிண்ட். காசு அடிக்கிற இடம். வடக்கே. எந்த ஊர் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அங்கே இன்னும் இருக்கிற ரெண்டு பேரைப் பற்றியும் சொல்லவேண்டி வரும், வாய் நாறிப்போகும்.

நீங்கள் இளையான்குடிவரை போகிறீர்கள். நான் வேம்பங்குடி விலக்கில் இறங்கிவிடுவேன். அதற்குள் சொல்லிவிடலாம். ஜன்னலைக் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள், காற்று வரட்டும்.

அந்த மிண்டின் சரித்திரம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். வெள்ளைக்காரன் ஆரம்பித்தது. முதலில் நீராவியில் ஓடியதாம். வெள்ளி ரூபாய் அடித்தார்கள். சுண்டினால் கோயில் மணி மாதிரி கேட்குமாம். யுத்தம் வந்தது, செம்பு போதவில்லை. காலணாவுக்கு நடுவில் ஓட்டை போட்டு மிச்சம் பிடித்தான் வெள்ளைக்காரன். நம் பெண்கள் விடுவார்களா, அதைக் கயிற்றில் கோத்துப் பிள்ளை இடுப்பில் கட்டினார்கள். அப்புறம் நயா பைசா. அப்புறம் தாமரைப் பூ போட்ட இருபது பைசா, மஞ்சளாக. தங்கம் கலந்திருக்கிறது என்று எவனோ கிளப்பிவிட, ஜனங்கள் பானையில் போட்டுப் புதைத்தார்கள். அப்புறம் அலுமினியம், ஊதினால் பறக்கும். அப்புறம் எவர்சில்வர்.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கும். புத்தகத்தில் இல்லாதது ஒன்று சொல்கிறேன். அலுமினியக் காசு ஓடுகிற மாதத்தில், காசு அடிக்கிற பிரஸ் ஹால் ஆட்கள் ரெண்டு இட்லியோடு எழுந்துவிடுவார்கள். ஒரு ரூபாய்க் காசு, அந்தக் காலத்துக் கனமான ஒரு ரூபாய், அது ஓடுகிற மாதத்தில் ஐந்து கேட்பார்கள். காசுப் பெட்டி தூக்குகிற பசி. உள்ளே இன்றைக்கு என்ன காசு ஓடுகிறது என்று மாவு தீர்வதை வைத்தே சொல்லிவிடுவேன்.

மாவா? ஆமாம், மாவுதான். அதற்குத்தான் வருகிறேன், அவசரப்படாதீர்கள்.

மிண்டுக்கு ரெண்டு வாசல். வெளிவாசல், உள்வாசல். வெளிவாசலில் நுழையும்போதே உங்கள் சட்டைப்பையில் இருக்கிற சில்லறையை எல்லாம் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடவேண்டும். ஐந்து பைசாகூட உள்ளே போகக் கூடாது. ஏன் என்றால், போகும்போது உங்கள் பையில் இருக்கிற காசு உங்களுடையதா, அங்கே அடித்ததா என்று யார் சொல்வது? காசில் பெயரா எழுதியிருக்கிறது? அதனால் காசு அடிக்கிற இடத்தில் காசு செல்லாது தம்பி. டீ குடிக்கப் பிளாஸ்டிக் வில்லை. சிவப்பு வில்லைக்கு டீ, மஞ்சள் வில்லைக்கு வடை. ஊர் முழுக்கச் சில்லறைத் தட்டுப்பாடு வந்து, கடைக்காரன் மீதிக்கு மிட்டாய் கொடுத்த காலத்திலும் எங்கள் கேன்டீனில் தட்டுப்பாடே வந்ததில்லை. வில்லைக்கு ஏது தட்டுப்பாடு?

அந்தக் கேன்டீன் ரெண்டு வாசலுக்கும் நடுவில் இருந்தது. நான் அங்கேதான். சரக்கு மாஸ்டர். அதில் என்ன? மிண்டின் காம்பவுண்டுக்குள்தானே இருக்கிறது? மிண்டின் கொடிதானே மேலே பறக்கிறது? கொடியேற்றும் நாளில் எனக்கும் லட்டு கொடுத்தார்கள். நான் பிடித்த லட்டுதான், இருந்தாலும் கொடுத்தார்கள்.

ஆனால் உள்வாசலுக்கு அந்தப் பக்கம் என்னை விடவில்லை. கேன்டீனை நடத்துகிற சங்கத்துக்குக் கூலியாளாம், மிண்டு ஊழியர் இல்லையாம். அந்தப் பக்கம் டங்கு டங்கு என்று காசு விழுகிற சத்தம் எந்நேரமும் கேட்கும். நான் இந்தப் பக்கம் வடை தட்டுவேன். பிரஸ் ஹாலில் ஃபோர்மேன் ஒருவர், தேவசகாயம், நாகர்கோவில்காரர். என் ஆமவடைக்கு அடிமை. "சோணைமுத்து, ஒரு நாளு ஒன்ன உள்ள கூட்டிட்டுப் போயி காட்டுறேன்டே" என்று ஒவ்வொரு வடைக்கும் ஒரு தடவை சொல்வார். எத்தனை வடை தின்றிருப்பார்! கூட்டிக்கொண்டு போனாரா? அவர் முகத்தையும் நான் மறக்கவில்லை.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன்.

பெண் பார்க்கப் போனோம். என் சித்தப்பா பேசினார். "பையன் காசு அடிக்கிற ஆபீஸ்ல இருக்கான்." பொய்யா? இல்லை. பெண்ணின் அப்பா, கருமலையான் என்று பெயர், மீசை இந்தப் பக்கம் ஒரு முழம் அந்தப் பக்கம் ஒரு முழம். அவர் கேட்டார்: "அங்க என்ன வேலைங்க?" சித்தப்பா சொன்னார்: "அங்க எல்லாருக்கும் ஒரே வேலைதானே, காசு அடிக்கிறது." சித்தப்பா பெரியவர். பெரியவர் பேசும்போது நடுவில் புகுந்து, இல்லை சித்தப்பா, நான் வடை தட்டுகிறேன் என்று சொல்வது மரியாதையா? நான் மரியாதை தெரிந்தவன். கல்யாணம் முடிந்தது.

அதற்கப்புறம் ஊரில் ஒவ்வொருவரும் காசை எடுத்துக்கொண்டு வருவார்கள். "இது நீங்க அடிச்சதா மாப்ளே?" வருஷத்துக்குக் கீழே ஒரு குறி இருக்கும், எந்த ஊர் மிண்ட் என்று அது சொல்லும். நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். எங்கள் குறி இருந்தால், "ஆமா, இது நம்ம காசு" என்பேன். இல்லாவிட்டால், "இது வேற மிண்ட்டு" என்பேன். ரெண்டுமே உண்மை.

என் சம்சாரம் பூச்செண்டு மட்டும் முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். அவள் ஊரில் இருந்தாள், நான் அங்கே ரூமில் இருந்தேன், லீவுக்குத்தான் வருவேன். வந்த சட்டையைத் துவைக்க எடுத்தவள் முகர்ந்து பார்த்தாள். "காசு அடிக்கிற எடத்துல வெங்காயமும் உரிக்கணுமா?" என்றாள்.  ஆனால் அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் அவள்மேல் எனக்குக் குறை இல்லை. மற்ற விஷயங்களில் உண்டு.

இப்படியே போய்க்கொண்டிருந்தது தம்பி. அந்த எவர்சில்வர் காசு புதிதாக வந்த காலம். மிண்டு ஆரம்பித்து இத்தனை வருஷம் நிறைந்தது என்று விழா வைத்தார்கள். சீரியல் பல்பு, பந்தல், ஷாமியானா. மிண்டு ஊழியர் குடும்பத்தைக் கூட்டி வந்து பிரஸ் ஹாலைச் சுற்றிக் காட்டலாம், ஒரு நாள் மட்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது இந்த விழாவைப் பற்றி ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை. விழாவுக்கு முதல் நாள் காலையில் என் ரூம் வாசலில் மாமனார் நிற்கிறார், மீசையும் மஞ்சள் பையுமாக. பின்னால் பூச்செண்டு.

"மாப்ள காசு அடிக்கிறதைக் கண்ணால பாத்துட்டா அப்புறம் இந்தக் கட்டைக்கு என்ன இருக்கு" என்றார்.

 பூச்செண்டைப் பார்த்தேன். அவள் ரூமுக்குள் போய்த் தண்ணீர்ப் பானையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓடினேன் தேவசகாயத்திடம். அவர் சம்சாரம் பிரசவத்துக்கு நாகர்கோவில் போயிருந்தாள். அவருடைய குடும்பப் பாஸ் சும்மா கிடந்தது. "எடுத்துக்கிடு" என்று கொடுத்துவிட்டார். "சரி அண்ணாச்சி, மாமா வந்து பாக்கும்போது நான் எங்க நிக்கிறது?" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். அப்புறம் சொன்னார்: "சுத்திப் பாக்க வர்ற ஜனத்துக்கு ஹால்ல மோர் குடுக்கணும்னு ஆபீசர் சொல்லியிருக்காரு. மோர் எடுத்துட்டு நீ உள்ள வா. வந்ததும் வாளியை ஓரமா வச்சிட்டு எம் பக்கத்துல வந்து நில்லு. மெஷின்மேல ஒரு கையை வச்சிக்கிடு. ஒம் மாமனாரு பாக்கட்டும். நீயும் பாத்துக்கிடு, இத்தன வருசமா கேக்கியே."

கேட்டீர்களா? இத்தனை வருஷம் வடை தின்ற மனிதன், கடைசியில் என்னை உள்ளே கூட்டிப்போகிறான், எப்படி? கையில் வாளியோடு.

உள்வாசலில் கதவு நிலை மாதிரி ஒரு சட்டம். உலோகத்தோடு நுழைந்தால் கீ என்று கத்தும். எவர்சில்வர் டம்ளரும் எவர்சில்வர் காசும் அதற்கு ஒன்றுதான். அதனால் பிளாஸ்டிக் வாளி, பிளாஸ்டிக் டம்ளர், கரண்டிக்குப் பதில் கொட்டாங்கச்சி அகப்பை. நான் அதற்கு என்ன பாடு பட்டேன் என்று யாருக்குத் தெரியும்? இஞ்சி தட்டிப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, பெருங்காயம் கரைத்து, கைலி மாற்றி வேட்டி கட்டி, வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலைத் தாண்டினேன் தம்பி. முதல் தடவை. காவல்காரன்கூட என்னைப் பார்த்துச் சிரித்தான். சரிதான், சிரி என்று போனேன்.

உள்ளே என்ன சத்தம் என்கிறீர்கள்! பல் கிட்டித்துப்போகும். தேவசகாயம் என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் கத்துகிறார்: "லேய் சோணைமுத்து, இங்க வா, இந்தப் பக்கம் வா, வட்டத் தகடு போகுது பாரு, காசா விழுது பாரு!" வாளியை வைத்துவிட்டுப் போனேன். இன்னும் ரெண்டு எட்டு வைத்தால் மெஷினின் முன்பக்கம். குனிந்தால் பார்த்துவிடலாம். அந்த நேரம் பார்த்து வாசலில் ஜனம் நுழைகிறது. முன்னால் பூச்செண்டின் பச்சைச் சேலை.

என் இடுப்பில் கேன்டீன் துண்டு. அவிழ்க்க மறந்துவிட்டேன். 'கேன்டீன்' என்று சிவப்பு இங்கிலீஷ் எழுத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எழுதியிருக்கும். மாமனார் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர், இங்கிலீஷ் தெரியாதுதான், ஆனால் பக்கத்தில் ஒருத்தன் சொல்லிவிட்டால்?

அவிழ்க்க நேரமில்லை, சட்டென்று மெஷினுக்குப் பின்னால் போய்விட்டேன். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் முதுகு சுவரில், முகம் இரும்பில். எண்ணெய் வாடை. மூக்குக்கு நேரே ஒரு போல்ட்டு. மெஷின் அடிக்கிற அடியில் என் தொப்பை குலுங்குகிறது. அந்தப் பக்கம் ஜனங்கள் "ஆ", "அடேயப்பா" என்கிறார்கள். காசு விழுகிறது, பார்க்கிறார்கள். இந்தப் பக்கம் நான் போல்ட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். தேவசகாயம் என் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டார். ஜனம் போகிறவரை அப்படியே நின்றேன். அப்புறம் மெஷினை நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டு நேரமாம்.

அதற்கப்புறம் ஓய்வு பெறுகிறவரை அந்த வாசலைத் தாண்டவில்லை. ஆக, காசு அடிப்பதை நான் பார்த்ததில்லை தம்பி. சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான்.

பூச்செண்டு பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலம் கேட்டேன், "எப்படிடீ இருந்துச்சு?" என்று. "என்ன, பணியாரக் கல்லு மாதிரிதான். ஒவ்வொண்ணா விழுது. ஆனா திருப்பிப் போட வேண்டியதில்ல, ரெண்டு பக்கமும் ஒரே தடவையில வெந்துடுது" என்றாள். அப்புறம், "மோர்ல உப்பு பத்தல" என்றாள்.

இதில் கூத்து என்ன தெரியுமா? மாமனார் ஹாலுக்குள் வரவே இல்லை. வராத மனிதருக்குப் பயந்துதான் நான் போல்ட்டோடு நின்றிருக்கிறேன்.

உள்வாசல் சட்டத்தில் அவர் நுழைந்ததும் கீ என்று கத்தியிருக்கிறது. பெண்களின் தாலியைப் பார்த்து அனுப்ப ஒரு பெண் காவலரைப் போட்டிருந்தார்கள். ஆண்களின் இடுப்பைப் பற்றி எந்த ஆபீசரும் யோசிக்கவில்லை. மாமனார் இடுப்பில் வெள்ளி அரைஞாண், நல்ல கனம், வடம் மாதிரி. காவல்காரன் வடக்கத்தியான், கழற்று என்று ஜாடை காட்டியிருக்கிறான். எங்கள் பக்கம் ஆம்பிளை இடுப்பிலிருந்து அரைஞாணை எப்போது எடுப்பார்கள்? கண்ணை மூடினப்புறம், குளிப்பாட்டுகிறபோது. மாமனார் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மீசையை முறுக்கியிருக்கிறார். அவன் இந்தியில் கத்த, இவர் தமிழில் கத்த, பின்னால் வரிசை நிற்க, தமிழ் தெரிந்தவன் யாராவது வா என்று கேன்டீனிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். யார் போனது? என் கையாள் வைரவன். நாக்கில் பூட்டே கிடையாது அவனுக்கு. "ஐயா யாரு? அடடே, சோணைமுத்து அண்ணன் மாமனாரா? வாங்க வாங்க, எதுக்கு இந்த வம்பு, நம்ம இடத்துக்கு வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். மகளை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு இவர் வந்துவிட்டார்.

நான் காலி வாளியோடு திரும்பி வருகிறேன். அடுப்புக்குப் பக்கத்தில் என் ஸ்டூல், நான் உட்கார்ந்து மாவு பார்க்கிற ஸ்டூல், அதில் அவர் உட்கார்ந்திருக்கிறார். கையில் தட்டு. தட்டில் என் வடை.

"மாமா, நீங்க உள்ள போகலியா?"

"அரைஞாணைக் கழட்டச் சொன்னாங்க மாப்ளே. அதுக்கு இன்னும் நாளிருக்குன்னுட்டேன்."

வைரவன் பல்லைக் காட்டுகிறான். அந்தப் பல்லிலேயே தெரிந்துவிட்டது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான் என்று. நான் வாளியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அகப்பை கீழே விழுந்தது. மாமனார் அதைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். வடையைப் பிய்த்து வாயில் போட்டார்.

"தேங்காயைப் பல்லுப் பல்லாக் கீறிப் போட்டிருக்கு" என்றார். "நம்ம ஊர்ல எவன் போடுறான்."

அவ்வளவுதான் தம்பி. அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. என்ன குத்தல் பார்த்தீர்களா! நேராகத் திட்டுகிறவனுக்குப் பதில் சொல்லலாம். வடையைப் புகழ்கிறவனை என்ன செய்வது? இன்னும் ரெண்டு போடச் சொல்லித் தின்றார். ராத்திரி ரயிலுக்கு ஒரு பொட்டலம் வேறு கட்டச் சொன்னார். குத்துகிற மனிதன் எப்படியெல்லாம் குத்துவான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல். பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவன் எல்லாம் எழுந்து நிற்கிறான். "மிண்ட்டுக்காரர் வந்துட்டாரு, வழிவிடுங்கப்பா." கேலி பண்ணுகிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. கோயிலில் எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். விசாரித்தால், மாமனார் ஊருக்கு வந்ததும் கோயில் வாசலில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்: "எங் கண்ணால பாத்தேன்யா. பெரிய ஹாலு. நடுவுல மாப்ள நிக்கிறாரு. காசு மழையாக் கொட்டுது. அம்பாரம் அம்பாரமா. அதைத் திரும்பிக்கூடப் பாக்கல மனுசன்!"

அந்தக் கடைசி வரியை மட்டும் எப்படிச் சரியாகச் சொன்னார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

நேரே போய்க் கேட்டேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். "ஏன் மாமா இப்படிச் சொன்னீங்க?"

"நீங்க சொல்லிட்டிருந்ததைத்தானே மாப்ளே நானும் சொன்னேன்."

"அதுக்கில்ல மாமா..."

"நீங்க சொன்னப்ப பாதிப் பேரு நம்பல. நான் சொன்னதும் நம்பிட்டாங்க" என்றார். தவிட்டைக் கலக்கினார்.

திமிர் பார்த்தீர்களா? அதற்கப்புறம் அவர் இருந்தவரை அவர் வீட்டில் நான் கை நனைத்ததில்லை. போவேன், உட்காருவேன், நல்லது கெட்டது பேசுவேன். சாப்பிட மாட்டேன். "மாப்ளைக்கு நம்ம வீட்டுச் சமையல் பிடிக்காது" என்று அதற்கும் சிரிப்பார்.

சரி, அப்போது அவர் சொன்ன பொய்யால் நஷ்டம் இல்லை. நஷ்டம் எப்போது தெரிந்தது என்றால், நான் வேலையை விட்டு ஊருக்கு வந்தபோது. சங்கத்துக் கூலிக்குப் பென்ஷன் ஏது? கையில் கொடுத்ததை வீட்டுக்கு ஓடு மாற்றியதில் தீர்த்தாயிற்று. பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டல் போடலாம், காலையில் இட்லி, சாயங்காலம் வடை என்று இடம்கூடப் பார்த்துவிட்டேன். ஊரே சிரித்தது. "காசு அடிச்ச மனுசன் இட்லி விக்கிறதா? மிண்ட்டுக்காரருக்குத் தமாசைப் பாரு!" இடத்துக்காரன் வாடகைக்குத் தரவே மாட்டேன் என்றான். மரியாதையாம். என் மரியாதைக்கு அவனுக்கு என்ன அக்கறை? மாமனார் அப்போதும் இருந்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. எனக்கு என்ன தலையெழுத்து?

அவர் போய்ச் சேர்ந்து வருஷம் ரெண்டாகிறது. குளிப்பாட்டுகிறபோது அந்த அரைஞாணை அவிழ்க்க வரவில்லை. இறுகிப்போயிருந்தது. தகரம் வெட்டுகிற கத்தரியை என்னிடம்தான் கொடுத்தார்கள், மூத்த மாப்பிள்ளை என்று. வெட்டினேன். கண்ணில் ஏதோ தூசி, அன்றைக்குக் காற்று ஜாஸ்தி.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சொல்லிவைத்த சமையல்காரன் வரவில்லை. வேறு ஊரில் கூடுதலாகக் கொடுத்தார்களாம், போய்விட்டான். வந்தது அவன் மச்சான் ஒருத்தன். நான் திண்டாடிப்போனேன் தம்பி. அவன் பருப்பை வேகவிடாமல் புளியை ஊற்றுகிறான். என் கண் முன்னால் ஊற்றுகிறான்! ஊரே சாப்பிட வரப்போகிறது, கருமலையான் வீட்டுக் கடைசிச் சோறு, அதில் பருப்பு முழித்துக்கொண்டு மிதக்கிறது. பூச்செண்டு அந்தப் பக்கம் நின்றாள். என் கையைத்தான் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, அவனைத் தள்ளிவிட்டு, கரண்டியைப் பிடுங்கிவிட்டேன். என்ன நடந்தாலும் நடக்கட்டும். தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

ஜனம் சாப்பிட்டது. சும்மா இல்லை, இலையை வழித்துச் சாப்பிட்டது. பாயசத்துக்குச் சண்டை. நான் அடுப்பு முன்னால் வேர்வையோடு நிற்கிறேன். இனிமேல் என்ன, எல்லாம் வெளுத்துவிட்டது, நாளைக்கே ஓட்டலுக்கு இடம் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஊர்ப் பெரியாம்பளை வருகிறார், ஏப்பம் விடுகிறார், சொல்கிறார்: "இதுல என்னப்பா அதிசயம்? செம்பையும் வெள்ளியையும் உருக்கிப் பதம் பாத்த கை. அந்தக் கைக்குச் சாம்பாரு எம்மாத்திரம்!"

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்கிறார்கள். எப்படி இருக்கிறது? நான் உண்மையையே கரண்டியால் கிளறிக் காட்டுகிறேன், இவர்கள் அதையும் மிண்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், எது என்றாலும் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். "மிண்ட்டுக்காரர் கை பட்டாப் போதும்." இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. சரி, வருமானம் வருமே என்று போனேன். விடிய விடியப் பாடுபட்டுச் சமைத்து முடித்தால், வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு, தாம்பாளத்தில் வைத்துக் காலில் விழுகிறார்கள். கூலி? மூச்! ஒரு வீட்டில் அந்தப் பொம்பளை முந்தியிலிருந்து நோட்டை எடுத்தாள். நானும் கையைத் துடைத்தேன். அவள் புருஷன் பாய்ந்து தடுக்கிறான்: "ஏய், அறிவிருக்கா? காசு அடிச்சவருக்கே காசு குடுக்கிறதா? அம்பாரம் அம்பாரமாக் கொட்டினப்பவே திரும்பிப் பாக்காத மனுசன். கோவிச்சுக்கப் போறாரு!" அவள் முந்தியை முடிந்துவிட்டாள்.

வீட்டில் பீரோ நிறையத் துண்டு தம்பி. ஒரு துண்டை வாங்கிக்கொண்டு எந்தக் கடைக்காரன் அரிசி போடுவான்?

நீங்கள் கேட்க வருவது தெரிகிறது. ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. நான் கேன்டீனில் இருந்தேன், இதுதான் என் தொழில், இதற்கு இவ்வளவு கூலி. பூச்செண்டுகூடக் கேட்டாள். நேற்றுக்கூடக் கேட்டாள். அரிசிப் பானையைக் கவிழ்த்துக் காட்டிக் கேட்டாள்.

யோசித்துப் பாருங்கள். நான் அடித்தேன் என்று நான் எங்கேயாவது சத்தியம் பண்ணியிருக்கிறேனா? இல்லை. கோயில் வாசலில் உட்கார்ந்து, கண்ணால பாத்தேன் என்று சொன்னது யார்? அவர். நான் இன்றைக்கு வாயைத் திறந்தால் பொய்க்காரர் யார் ஆவது? அவர்தான். அவர் இருந்தால், வாங்க மாமா, ரெண்டு பேரும் போய்ச் சொல்வோம் என்று இழுத்துக்கொண்டு போவேன். இப்போது எங்கே போய் இழுப்பது? பதில் சொல்ல முடியாத மனிதரைப் பொய்க்காரர் ஆக்கிவிட்டு, அந்தக் கூலியில் நான் அரிசி வாங்குவதா? அவர் எனக்குச் செய்ததற்கு அவரை இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன். அது வேறு. இது வேறு.

இதோ, விலக்கு வந்துவிட்டது. பார்த்தீர்களா, குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், கல்யாண வீட்டுக்காரர்கள். ஐந்நூறு இலையாம். அந்தக் காலை நகர்த்துங்கள் தம்பி, வருகிறேன்.

ஒன்று மட்டும். பஸ் இங்கே கொஞ்ச நேரம் நிற்கும். ஜன்னலோரம் வந்து, ஐயாவோடு என்ன பேசிக்கொண்டு வந்தீர்கள் என்று இவர்கள் கேட்டாலும் கேட்பார்கள். மிண்டைப் பற்றித்தான் என்று சொல்லுங்கள். பொய் இல்லையே? மெஷினுக்குப் பொத்தான் என்ன நிறம் என்று பிள்ளைகள் கேட்கும், எல்லா ஊரிலும் கேட்கும். பச்சை என்று சொல்லுங்கள். மாமா பச்சை என்றுதான் சொல்லியிருக்கிறார். மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.